சுவருக்கு அந்தப் பக்கம்

“மறுபடியும் இருமுறாம்மே,” என்றார் மண்ணாங்கட்டி, சுவரிலிருந்து காதை எடுக்காமல்.

அவர் மனைவி கெங்கம்மாவுக்கும் கேட்டது. வறட்டு இருமல். வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் அவர்கள் இருந்த ஹவுசிங் போர்டு கட்டடத்தில் சுவர் என்பதெல்லாம் பேருக்குத்தான். பக்கத்து வீட்டில் பால் பொங்கினால் இந்த வீட்டில் அடுப்பை அணைக்க ஓடுவார்கள்.

பக்கத்து வீட்டில் இப்போது பாரி மட்டும்தான். கொரோனா ஊரடங்குக்கு முந்தின நாள் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்து, இனி வீட்டிலிருந்தே வேலை பார் என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அம்மா செங்கொடி, தங்கை மகளின் பிரசவத்துக்குக் கத்திவாக்கம் போனவள், பஸ் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டாள். பையனை ஒரு கண் பார்த்துக்கொள் என்று கெங்கம்மாவிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

காலையில் இருமல் ஆரம்பிக்கும். பின்னாலேயே கொஞ்சம் முணுமுணுப்பு. மறுபடி இருமல். சாப்பாட்டு வேளையில் சற்று அடங்கி, திரும்பவும் தொடங்கி, பொழுது சாய்ந்தால் நின்றுவிடும். காய்ச்சலில் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறான் போலிருக்கிறது என்று கெங்கம்மா நினைத்துக்கொள்வாள். அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது.

மண்ணாங்கட்டியின் பயத்திலும் நியாயம் இருந்தது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியே நுரையீரலைப் பாழாக்கிக்கொண்ட மனிதர். மாடிப்படி ஏறினாலே மூச்சு இரைக்கும். வீட்டிலிருந்த ஒரே போனில் வருகிற அழைப்பைத்தான் எடுக்க முடியும். ரீசார்ஜ் கடையும் பூட்டிக் கிடந்தது. அதனால் கீழ்வீட்டு ராசையாவிடம் சொல்லிவிடலாம், அவர் கார்ப்பரேஷனுக்குப் போன் பண்ணிவிடுவார் என்றார்.

கெங்கம்மா சம்மதிக்கவில்லை. எதிர் பிளாக்கில் மாயா என்ற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது நடந்ததை அவள் பார்த்திருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. சனங்கள் மாடியில் நின்று வீடியோ எடுத்தார்கள். அவள் வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடினார்கள். அது வெறும் காய்ச்சல்தான் என்று திரும்பி வந்த பிறகும், குழாயடியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் தங்கள் குடத்தை வைக்கவில்லை.

அதனால் கெங்கம்மா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். மிளகு ரசம் வைத்து, சொம்போடு பாரியின் வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, ஓடிவந்து தன் கதவைச் சாத்திக்கொண்டாள். எதுக்கு அத்தே ரசம் என்று அவன் வெளியே நின்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அவன் கழுவிக் கொடுத்த சொம்பை மறுபடி வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். கழுவும்போதே கண் கலங்கியது. தூக்கி வளர்த்த பிள்ளை.

அன்று சாயங்காலம் செங்கொடி போன் செய்து, மகன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தாள்.

“அவனுக்கு இன்னா, நல்லாத்தான் கீறான்,” என்றாள் கெங்கம்மா.

மறுநாள் காலை இருமல் விட்டபாடில்லை. ஒன்று நீ ராசையாவிடம் சொல், இல்லாவிட்டால் நான் போகிறேன் என்று மண்ணாங்கட்டி எழுந்துவிட்டார்.

கெங்கம்மா பழைய புடவைத் துணியை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

“யாராண்டயும் சொல்லவேணாம். நானே அவன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். எனக்கு வந்தா வரட்டும். செங்கொடி என்ன நம்பித்தான வுட்டுட்டுப் போனா?”

மண்ணாங்கட்டி துண்டை எடுத்து முகத்தில் சுற்றிக்கொண்டார்.

“தனியா எப்டிப் போவ? நான் கீழ போயி எதுனா ஆட்டோ கீதான்னு பாக்குறேன்,” என்று இரைத்துக்கொண்டே படியிறங்கினார்.

தட்டியதும் பாரி கதவைத் திறந்தான். தலைவாரி, மேலே சட்டையும் கீழே லுங்கியுமாகப் பளிச்சென்று நின்றான். இப்படி நின்றே ஏமாற்றுகிறான் பார் என்று கெங்கம்மாவுக்கு மனம் உருகியது.

“கெளம்பு நைனா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஒன்னியும் பயப்படாத. நான் கூடவே கீறேன்.”

பாரியின் முகம் மாறியது. “மாமாவுக்கு மூச்சு வாங்குதா அத்தே?” என்றவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லுங்கியை உருவிப் பேன்டை மாட்டியபடியே உள்ளே ஓடினான். ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லி, மேஜை மேல் கிடந்த போனில் ஒரு நம்பரை அழுத்தினான்.

இருமல் கேட்டது. அதே வறட்டு இருமல்.

கெங்கம்மா அவனைப் பார்த்தாள். பாரியின் வாய் மூடித்தான் இருந்தது. போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், கையை அடிக்கடி கழுவச் சொல்லி ஆரம்பித்தது. அவன் சலிப்போடு ஒரு பட்டனை அமுக்கி அதை நிறுத்தினான்.

“ஹெட்போன் வேற புட்டுகிச்சி, அதான் ஸ்பீக்கர்ல போட்டுகினு கீறேன். பெரிய பேஜாரு அத்தே. நாள் பூரா கஸ்டமருங்களுக்குப் போன் போடறதுதான் என் வேல. யாருக்குப் போட்டாலும் மொதல்ல இந்தாளு இருமிட்டுத்தான் ரிங்கே வுடுறான்.”