ஆணையர் பார்க்க வந்த பால்

கடையின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த அருமைராசா கதவைப் பிடித்தபடியே நின்றார்.

பழைய பால் பக்கெற் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது. தட்டு முழுக்க, சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிவந்த புதுப் பால்.

எல்லாம் மனைவி செல்வமலரின் வேலை. அரசாங்கத்து ஆள் வருகிறார் என்றால் போதும், அவளுடைய கை துடைக்கிற துணியைத் தேடும். பழைய பாலையெல்லாம் கொட்டியிருப்பாள்.

நாள் முடியப்போகும் பாலாகப் பார்த்து வில்லரே வட்டாரத்துச் சின்னக் கடைகளின் தலையில் கட்டுகிறது பால் கொம்பனி. நல்ல பால் பெரிய கடைகளுக்குப் போகிறது. திருப்பிக் கொடுத்தால் இனிமேல் பாலே இல்லை என்கிறார்கள். 2005 ஆவணியிலிருந்து எட்டு மாதமாகக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுவிட்டார் அருமைராசா. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். இன்னொரு குளிர்காலத்தைக் கடை தாங்காது.

பெரிய கொம்பனிகள் சின்னக் கடைகளை ஏறி மிதித்தால் கேட்பதற்கென்று அரசாங்கம் நியமித்த ஆணையர் கத்தரின், இதோ நேரிலேயே வந்து நிற்கிறார். கண்ணால் பார்க்க வேண்டுமாம். பார்க்க என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி!

கத்தரின் ஒவ்வொரு பக்கெற்றாக எடுத்துத் திகதி பார்த்தார். எல்லாம் இன்னும் இரண்டு கிழமை தாங்கும். ஃபைலை மூடினார். முறைப்பாட்டில் உண்மையில்லை என்று எழுதிவிடுவார், அவ்வளவுதான்.

"உனக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கோ?" பின்னறைப் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார் அருமைராசா.

செல்வமலர் அதைக் காதில் வாங்கவேயில்லை. சிரித்த முகத்தோடு வந்து ஆணையரிடம் பால்தேநீரை நீட்டினாள்.

ஒரு வாய்தான். கத்தரினின் முகம் கோணியது. கோப்பைக்குள் பால் திரைந்து திட்டுத்திட்டாக மிதந்தது.

இருந்த மானமும் போயிற்று என்று அருமைராசா தலையில் கைவைத்தார்.

இது எந்தப் பால் என்று பிரெஞ்சில் கேட்டார் ஆணையர்.

செல்வமலர் பின்னறையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். பக்கெற்றெல்லாம் புதன்கிழமையோடு நாள் முடிந்த பால். கொம்பனிக்காரன் பெட்டியை இறக்கியபோது கையெழுத்து வாங்கிய துண்டில் அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை என்றிருந்தது.

"விக்கிற இடத்தில கிடந்தா எங்கட பிழையெண்டெல்லே எழுதுவினம்," என்றாள் கணவனிடம்.

ஆணையர் மூடிய ஃபைலைத் திறந்தார்.

அப்போதுதான் அருமைராசாவுக்கு உறைத்தது. இந்தப் பதினெட்டு வருடத்தில், தபால்காரனுக்குக்கூடப் பாலை முகர்ந்து பார்க்காமல் அவள் தேநீர் ஊற்றியதில்லை.