கோரைமுடி

முடி இறக்குகிறவர் பிளேடை இரண்டாக ஒடித்துக் கத்தியில் செருகினார்.

நித்திலா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

மகளைப் பார்க்க நித்திலாவின் அம்மாவுக்குப் பாவமாக இருந்தது. இது குழந்தைக்கு மூன்றாவது மொட்டை.

முதல் மொட்டை காதுகுத்தோடு போனது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. இரண்டாவது, சுருட்டை போவதற்காக. போகவில்லை. முன்பைவிட அழுத்தமாகச் சுருண்டு வந்தது. இது, அதற்குப் பிறகும் நம்பிக்கை இழக்காதவர்களின் மொட்டை.

"இந்தத் தடவ கோரமுடியா வரும் பாரு," என்றார் மாமியார். குலதெய்வம் இருக்கும் பக்கம் திரும்பி இன்னொரு முறை கும்பிட்டுக்கொண்டார்.

மாமியார் வீட்டில் எல்லோருக்கும் கோரைமுடி. சீப்பு வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். பெண் பார்க்க வந்த அன்று அவர் முதலில் தொட்டுப் பார்த்ததே அவள் கூந்தலைத்தான். "நம்மூட்டு முடியாட்டவே இருக்குது" என்று பூரித்துப்போனார். அவள் அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவள் காபித் தட்டைப் பார்த்தாள்.

யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நித்திலா வந்தாள், சுருட்டையோடு.

வீடே குழம்பியது. யாரைப் போல?

அவள் கணவன் சிவநேசன் படித்தவன். பரம்பரை அது இது என்று யோசித்திருக்கலாம். அவன் ஷாம்புவைச் சந்தேகித்தான். குழந்தை ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைக் கண்ணருகே பிடித்துப் படித்தான். சல்பேட் இருந்தது. மாற்றினான். பாராபென் இருந்தது. மாற்றினான். அடுத்ததில் 'வாசனைப் பொருள்' என்று மட்டும் போட்டிருந்தது. என்ன வாசனை, எதிலிருந்து எடுத்தது, ஒன்றும் இல்லை. "இதுலதான் என்னமோ கலக்கறானுங்க" என்றான்.

இப்போதும் ஒரு புது பாட்டிலோடுதான் நிற்கிறான். மொட்டைக்குப் பிறகு குளிப்பாட்ட.

அவளும் பாட்டில் படிக்கிறவள்தான். அவளுடையது வேறு பாட்டில்.

கல்லூரியில் தொடங்கியது. பார்லரில் க்ரீம் தடவிச் சூடாக இழுத்து நேராக்குவார்கள். கண் எரியும். தொண்டை கரிக்கும். "ஃபார்மலின் எல்லாம் இல்லக்கா" என்பாள் பார்லர் பெண், தன் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டே.

பாட்டிலில் அந்தப் பெயர் இல்லைதான். வேறு ஒரு நீளமான பெயர் இருந்தது. சூடுபட்டால் அதிலிருந்தும் அதே புகைதான் வரும் என்று ஓரிடத்தில் படித்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று இன்னோரிடத்தில் படித்தாள். எதை நம்புவது என்று தெரியாமல் அடுத்த தடவையும் போய் உட்கார்ந்தாள்.

புருவம் எடுக்கப் போனதாகச் சிவநேசனிடம் சொல்வாள்.

இந்த வருடம் முடி ஒடிய ஆரம்பித்தது. வேரோடு உதிரவில்லை. பாதியில் முறிந்தது. க்ரீமா, சூடா, வீட்டு உப்புத் தண்ணீரா? அவளுக்குப் பிடிபடவில்லை. பயந்துபோய்ப் பார்லரை நிறுத்தினாள். முடியை இறுக்கி இழுத்துக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

சில நாள் விசித்திரமாகத் தோன்றும். வயிற்றில் இருந்தபோது அந்தப் புகையை முகர்ந்ததால்தான் குழந்தைக்கு இப்படி ஆகிவிட்டதோ?

தன் பள்ளிக்கூடப் புகைப்படம் தெரிந்தவளுக்கே இப்படித் தோன்றும். நேராக இருந்து இருந்து அவளே நம்பிவிட்டிருந்தாள்.

"ம்மா, ஸ்கூல்ல மறுபடியும் மொட்ட மொட்டன்னு கூப்புடுவாங்கம்மா."

மாமியார் பேத்தியின் கைகளை மெதுவாக விலக்கினார். அவர் கெட்டவர் இல்லை. பேத்தி அழகாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

நேர்ந்த முடியைக் கொடுக்காமல் திரும்பக் கூடாது. சீட்டும் வாங்கியாயிற்று.

ஆனால் யாருடைய முடி என்று சாமி கேட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

மகளைத் தூக்கிச் சிவநேசன் கையில் கொடுத்தாள். ஈரப் பலகையில் உட்கார்ந்தாள்.

"அவளுக்கு வேண்டாங்கண்ணா. எனக்கு எடுங்க."

"ஏங் கண்ணு, உனக்கென்ன வேண்டுதல்?" என்றார் மாமியார்.

அவள் கொண்டையை அவிழ்த்தாள்.

தண்ணீர் தலையில் விழுந்தது. உச்சியைப் பிசைந்துகொண்டிருந்த முடி இறக்குகிறவரின் விரல்கள் சற்று நின்றன.

நித்திலா அப்பாவின் இடுப்பிலிருந்து குனிந்து பார்த்தாள். அந்த உயரத்துக்கு அம்மாவின் உச்சந்தலை நன்றாகத் தெரிந்தது.

"அம்மா, உனக்கும் சுருளுது."

மாமியார் கிட்டே வந்தார். பார்த்தார். கையை நீட்டிப் பேத்தியின் சுருளைத் தொட்டுப் பார்த்தார்.

சிவநேசனும் பார்த்தான். மகள் தலையை ஒருமுறை, மனைவி தலையை ஒருமுறை. பிறகு கையிலிருந்த பாட்டிலைத் திருப்பினான். பழக்க தோஷம். படிக்கவில்லை.

அவள் நிமிரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

"எடுங்கண்ணா" என்று தலையைக் குனிந்து கொடுத்தாள்.

கத்தி சில்லென்று பட்டது. நீளமாக, நேராக ஒரு கொத்து மடியில் விழுந்தது.

அதை எடுத்துப் பார்த்தாள். வேர்ப்பக்கம் மட்டும் அவள் விரலைச் சுற்றிக்கொண்டது.