பக்கத்து வீட்டு வாடை

"நாளைக்கு என் மகளைப் பொண்ணு பார்க்க வாராக. வீடு பூரா உங்க கருவாட்டு நாத்தம். நான் என்னக்கா செய்ய?" காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டாள் திலகவதி.

சிறுமலைப் பக்கமிருந்து காட்டுச் செடிகளைக் கொண்டுவந்து, தொட்டியில் வளர்த்து விற்கும் செபாஸ்தியம்மாள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"தவக்காலம் தொடங்குனதுலருந்து எங்க வீட்டுல கவுச்சியே கிடையாதே தாயி."

"அப்ப வாடை வானத்துலருந்தா வருது? நீங்களே வந்து பாருங்க. தோல் பதப்படுத்துற ஷாப் நாத்தம்கூட இம்புட்டு இருக்காது."

செபாஸ்தியம்மாள் வந்தாள். ஹாலில் திலகவதி ஏற்றிவைத்திருந்த ஊதுபத்திகளின் மணத்தையும் மீறி வாடை மூக்கைத் துளைத்தது. ஜன்னலோரம் பளபளவென்று ஒரு பீங்கான் தொட்டி. நாலு பட்டை கொண்ட தண்டு, நுனியில் பந்து போலக் கறுஞ்சிவப்புப் பூ, அதைச் சுற்றி ஈக்கள்.

"இந்தச் செடி ஏது?"

"எங்க வீட்டுக்காரரோட தம்பி கொடைக்கானல்லருந்து கொண்டாந்தாக. ஃபாரின் செடியாம்."

"ஃபாரினா? சித்த மோந்து பாரு."

பெருமையாகக் குனிந்த திலகவதி, வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

"பாறை இடுக்குல கெடக்குற கள்ளிமுளையான் இது. பூத்தா செத்த எலியா நாறும். மொட்டு விட்டதும் கிள்ளிப் போட்டுரணும்" என்றாள் செபாஸ்தியம்மாள். "என்கிட்ட வாங்குறவுக எல்லாருக்கும் இதைச் சொல்லித்தான் விடுவேன். திருடி வச்சாத்தான் செடி தழைக்கும்னு, சுவருக்கு மேல கையை விட்டு ஒடிச்சுட்டுப் போறவுககிட்ட எப்படித் தாயி சொல்றது?"