வக்கீலுக்குப் பிடித்த முன்னறை

"வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டபடி ஜட்காவிலிருந்து இறங்கினார் வக்கீல் தியோடர். கோலாரிலிருந்து வந்தவர், காக்ஸ் டவுனில் ஆபீஸ் போட இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. உள்ள வாங்க" என்றாள் ரெபேக்கா. முன்னறைக்கு வாடகை வந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும்.

அறை அவருக்குப் பிடித்துவிட்டது. காபியை வாங்கிக்கொண்டு பேப்பரை விரித்தார்.

"இந்தத் தீர்ப்பைப் பாத்தியாம்மா? அப்பன் வீட்டுக்காக அண்ணன் மேலயே கேஸ் போட்டிருக்கா ஒருத்தி. வெள்ளைக்கார ஜட்ஜும் அவளுக்கே குடுத்துட்டாரு!"

"அப்பா உயில் அவ பேர்லதானே இருந்துச்சு?"

"இருந்தா? கூடப் பொறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறதா? அவ வீட்டுல நான் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்!" காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து டம்ளரை வைத்தார். "சரி, வாடகையை யார்கிட்ட பேசணும்?"

"என்கிட்டதான். இது என் வீடு. கேஸ்ல தோத்ததும் எங்கண்ணன் சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

தியோடர் காலி டம்ளரைப் பார்த்தார்.

"தண்ணிதானே குடிக்கமாட்டேன்னீங்க? காபி பரவாயில்லீங்க. ஆனா ரூம் உங்களுக்குக் கிடையாது."

ரெபேக்கா கதவை அகலத் திறந்து பிடித்தாள். வக்கீல் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.