சர்வர் மாப்பிள்ளை

"மாப்பிள்ளை, அந்த விபிஎஸ்னு ஏதோ சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

வந்து உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் 'மாப்பிள்ளை'. அவனுக்குக் காது குளிர்ந்துவிட்டது.

குளிராமல் என்ன செய்யும்? முப்பத்தைந்து வயதுக்குள் பதினொரு வீடுகளில் பெண் கேட்டாயிற்று. "சர்வர் பார்த்துக்குற வேலை" என்று அவன் சொன்னதும் மூன்று வீடுகளில், "எந்த ஓட்டல்ல தம்பி?" என்றார்கள். நான்காவது வீட்டில் அதைக்கூடக் கேட்கவில்லை. காபி குடித்து முடித்ததும் எல்லோருடைய டம்ளரும் அவன் பக்கமாகவே நகர்ந்து வந்தன.

இந்தப் பன்னிரண்டாவது வீடு அப்படியில்லை. கல்யாணத் தகவல் இணையதளத்தில் பெண்ணின் படத்தைப் பார்த்து விருப்பம் தெரிவித்திருந்தான். மறுநாளே பெண்ணின் அப்பா போன் செய்தார். "பெரியவங்க எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல நீங்க மட்டும் வாங்க. வரும்போது லேப்டாப் எடுத்துட்டு வாங்க."

சம்பளச் சீட்டைக் கேட்காமல் லேப்டாப்பைக் கேட்ட முதல் மாமனார். திறமைக்கு மரியாதை கொடுக்கிற குடும்பம் என்று அவனுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

பெண்தான் இன்னும் வரவில்லை. "ஆபீஸ்ல திடீர்னு மீட்டிங். வந்துருவா," என்று டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, அம்மாக்காரி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பெண்ணின் அப்பா ஜன்னல் திரைச்சீலைகளை இணையத்தில் விற்பவர். தள்ளுபடி அறிவித்தால் போதும், வெப்சைட் மூர்ச்சை போட்டுவிடுகிறதாம்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இப்ப உங்க வெப்சைட் இருக்கிறது ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே ரூம்ல இருபது பேர் படுத்திருக்கிற மாதிரி. ஒரு கம்ப்யூட்டர், அதுல நூத்துக்கணக்கான வெப்சைட். ஒருத்தன் கையைக் காலை நீட்டினா மத்தவங்களுக்கு இடம் கிடையாது."

"அப்ப எவனோ ஒருத்தன் கடையில கூட்டம் சேர்ந்தா, என் கடை படுத்துக்குமா?"

"படுத்துக்கும், மாமா."

'மாமா' தானாக வந்து விழுந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"விபிஎஸ்னாலும் அதே மாதிரி பெரிய கம்ப்யூட்டர்தான். ஆனா சாஃப்ட்வேராலயே சுவர் வச்சு, தனித்தனி போர்ஷனா பிரிச்சிருப்பாங்க. இவ்வளவு மெமரி உங்களுக்குன்னு ஒதுக்கிட்டா, அடுத்தவன் அதுல கை வைக்க முடியாது. சாவி உங்ககிட்ட. நீங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாகூடப் பக்கத்துப் போர்ஷனுக்குத் தெரியாது."

"ஒரு முழுக் கம்ப்யூட்டரையே எடுத்துட்டா?"

"அது தனி பங்களா, மாமா. உங்க வியாபாரத்துக்கு இப்ப அது வேண்டாம்."

வரப்போகும் மாமனாருக்கு வீண் செலவு வைக்காத மருமகன். அவனுக்கே அவனைப் பிடித்துப்போயிற்று.

"அப்ப இதுல தொந்தரவே கிடையாதா?"

"இருக்கு. போர்ஷன் உங்களுதுன்னா பூட்டுறதும் பெருக்குறதும் உங்க வேலைதானே. அப்டேட் போடணும், திருட்டுப் பயலுங்க உள்ள வராம பார்த்துக்கணும், பேக்கப் எடுத்து வைக்கணும்."

பெரியவர் முகம் தொங்கிப்போயிற்று. "எனக்கு மவுஸைப் பிடிக்கவே இப்பத்தான் கை பழகியிருக்கு. இதையெல்லாம் யாரு பார்த்துப்பா?"

"நான் எதுக்கு மாமா இருக்கேன்?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்மதத்தைக் கண்ணாலேயே பேசிக்கொள்ளும் குடும்பம் என்று அவன் நெகிழ்ந்துபோனான்.

நெகிழ்ச்சியில் லேப்டாப்பைத் திறந்தவன் மூன்று மணி நேரம் நிமிரவில்லை. விபிஎஸ் எடுத்தான், வெப்சைட்டை அங்கே மாற்றினான், திரைச்சீலைப் படங்களை எல்லாம் சரிபார்த்தான். தினமும் தானாகவே பேக்கப் எடுக்கவும் வழி செய்தான். நடுவில் இரண்டு டீ வந்தது. பெண் வரவில்லை. கடைசியில் பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகக் கேட்டு டைரியில் எழுதிக்கொண்டார்.

"கணக்கா முடிச்சுட்டீங்க, மாப்பிள்ளை. பாருங்க, தட்டின உடனே திறக்குது," என்றவர், போனை எடுத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார். "மீட்டிங் இன்னும் முடியலையாம். இன்னொரு நாள் நிதானமா வச்சுக்கலாமா?"

"அதுக்கென்ன மாமா, வேலைதானே முக்கியம்," என்று எழுந்தான். வேலையை மதிக்கிற பெண். பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்.

படியிறங்கி வாசல் வரை போன பிறகுதான் லேப்டாப் சார்ஜரை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி ஏறினான். கதவு லேசாகத் திறந்திருந்தது. மணியை அழுத்தப் போனவன், உள்ளே அம்மாக்காரியின் குரலைக் கேட்டு நின்றான்.

"பாவங்க. என்ன பொறுமை, என்ன மரியாதை. நமக்கு ஒரு பொண்ணு இருந்திருந்தா இவருக்கே கட்டிக் குடுத்திருக்கலாம்."

"அதுக்கு இப்ப என்ன பண்றது?" என்றார் பெரியவர். "சரி, பாத்ரூம் குழாய் ஒழுகிட்டே இருக்கே, அந்தப் பிளம்பர் மாப்பிள்ளை எந்த ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றேன்னாரு?"