ஆளுக்கு ஒரு நடை

ஏரிக்கரையில் காட்டுத்தீ ஒத்திகை. தொண்டர்படைத் தலைவர் சூசைராஜ் மைக்கைப் பிடித்தார். காட்டில் அவர் அணைத்ததைவிட மேடையில் அணைத்த தீதான் அதிகம் என்பது அவருக்கே தெரியும்.

"நிஜத் தீ வந்தா அவங்கவங்க டிரோன் ஆளுக்கு ஒரு நடைதான் வீட்டுக்குப் போகும். அது நம்மளக் கவனிச்சுக்கிட்டே இருக்கு; வருஷம் பூரா நாம எதை அதிகமாப் பார்த்தோமோ, அதைத்தான் தூக்கிட்டு வரும். எனக்குத் தண்ணிப் பம்பு, பாத்துக்குங்க!"

அவருடைய டிரோன் வீட்டிலிருந்து நிலைக்கண்ணாடியைத் தூக்கி வந்தது. ஊரே சிரித்தது. கண்ணாடியில் தெரிந்த மூஞ்சி அவருக்கே சகிக்கவில்லை.

அடுத்து அவர் மனைவி எமல்டாவின் டிரோன். நகைப்பெட்டிதான் என்றார்கள். அது வீட்டுப் பக்கமே போகவில்லை. நேராக வந்து சூசைராஜின் சட்டைக் காலரில் கொக்கியை மாட்டி இழுத்தது.

எமல்டா நிமிரவே இல்லை.

"ரிப்பேராத்தான் இருக்கும்" என்றாள்.