ஓரடி பின்னால்

இசக்கியம்மாள் உயரம் தாண்டுபவள். இடது குதிகாலின் தசைநாணில் நகம் அளவுக்கு ஒரு கிழிசல். ஒன்பது மாத ஓய்வுக்குப் பின் மைதானத்துக்குத் திரும்பியிருந்தாள். வழக்கமாகத் தாண்டும் உயரம்தான். ஆனால் மேலே எழும்போதே தோள் பட்டுக் கம்பி விழுந்துகொண்டிருந்தது. மாநிலப் போட்டிக்கு இன்னும் ஆறு நாள்.

“நீ பயப்படுத, வேற ஒண்ணுமில்ல. புண்ணுதான் ஆறிட்டுல்லா?” என்றார் பயிற்சியாளர் தாவீது.

“பயமில்ல சார். மிதிச்ச உடனே தூக்கிவிடுற காலு, இப்ப கொஞ்சம் யோசிக்கி.”

ஸ்கேனைக் காட்டி மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருந்தார். கிழிந்த இடம் தடித்துக் கூடியிருக்கிறது, ஆனால் பழைய விறைப்பு இல்லை. இழுத்தால் முதலில் சற்று நீளும், பிறகுதான் விசை கொடுக்கும். அந்தக் கண நேரத்தில் உடல் கம்பியை நெருங்கிவிடுகிறது.

ஓட்டம் தொடங்கும் இடத்தில் பதினொரு ஆண்டுகளாக அதே அளவில் போட்டுவந்த சுண்ணாம்புக் கோட்டை அவள் காலால் அழித்தாள். ஓரடி பின்னால் தள்ளிப் புதிதாகப் போட்டாள்.

“போட்டி பக்கத்துல வந்தாச்சு. இப்பப் போயி கோட்டை மாத்துதியே?”

“காலு மாறிட்டுல்லா சார்.”

ஓடினாள், எழுந்தாள். தோள் கடந்தது, முதுகு கடந்தது. இறங்கும்போது குதிகால் தட்டிக் கம்பி விழுந்தது. தாவீது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெத்தையில் மல்லாந்து கிடந்தவள் சிரித்தாள்.

“ஏறையில தட்டுனது இப்ப எறங்கையில தட்டுது. சரியான எடம் ரெண்டு கோட்டுக்கும் நடுவுலதான் சார் இருக்கு. கம்பிய எடுத்து வைங்க.”